சாரதி பக்கத்து விரிப்பு

வெள்ளவத்தை, கொழும்பு
14.09.1962

அன்புள்ள விமலேஸ்வரி,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். வைத்தியர் என்னைப் பரிசோதித்தார். வயிற்றில் புண் இருக்கக்கூடும் என்பது அவருடைய தற்போதைய அபிப்பிராயம். அபிப்பிராயம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். அது முடிவு அல்ல. செவ்வாய்க்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் அனுமதிப்பார்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் உமக்குச் சொல்வது முறையன்று.

இனி, இக்கடிதத்தின் பிரதான விடயத்துக்கு வருகிறேன். நம் ஒஸ்ரின் காரை என்னையன்றி எவரும் கழுவுவதில்லை என்பது அதை வாங்கிய நாளிலிருந்து நான் வகுத்த விதி. அந்த விதியை நானே இப்போது தளர்த்தவேண்டியுள்ளது. கடைசியாக நெடுங்கேணி வழியே முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குப் போய்வந்தபோது படிந்த செம்மண் அதன்மேல் அப்படியே இருக்கிறது. அதன் அடியில் கடற்காற்றின் உப்பும் இருக்கும். இரண்டும் சேர்ந்து நின்றால் வர்ணம் கெடும். பிறகு தகடு கெடும். என் கிளாக்கர் வீரகத்தியிடம் ஒப்படைக்கலாமா என்று ஆலோசித்தேன். நேர்மையானவர், ஆனால் மேசையை வாயால் ஊதித் துடைப்பவர். ஆகையால் அந்தப் பொறுப்பு உமக்கே வருகிறது.

நேற்றுப் புறக்கோட்டைக்குப் போய் வேண்டிய பொருள்களை வாங்கினேன். கடைக்காரர் ஒரு போத்தலை நீட்டி, "ஐயா, இத ஒருக்கா தடவினாப் போதும், முகம் பாக்கலாம்" என்றார். அதில் அராவும் பொடி கலந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்துக் காட்டி, இந்த நறநறப்பு பின் எதனால் என்று கேட்டேன். அவர் போத்தலை மூடிவைத்துவிட்டு, "ஐயா பிரக்கிராசியா, கோட்டில வழக்குப் பேசுறவரா?" என்றார். அத்தகைய திரவம் ஒவ்வொரு முறையும் வர்ணத்தில் ஒரு படையைத் தின்றுதான் பளபளப்பைத் தரும். எனவே தகரப் பேணியில் வரும் கெட்டி மெழுகையே தெரிந்தெடுத்தேன். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் கடையில் அந்த ஒரு பேணிதான் மிஞ்சியிருந்தது, சிக்கனமாகப் பாவிக்கவும். அத்துடன் ஒரு கடற்பஞ்சு, காரைத் துடைக்கும் தோல் ஒன்று, சவர்க்காரச் சீவல் ஒரு பெட்டி ஆகியவற்றையும் பொதியாகக் கட்டிப் புகையிரதத்தில் அனுப்பியுள்ளேன்.

உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைக் கொண்டு காரைத் தொடவேண்டாம். அது அழுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும். வெயில் ஏறுமுன் வீட்டு நிழலில் நிறுத்தி, முதலில் கை வைக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றவும். மண் தானாக வழிந்து இறங்கவேண்டும். காய்ந்த மண்மேல் துணி போடுவது அரத்தாள் போடுவதற்குச் சமம். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர். மற்றதில் பஞ்சை அலசுவதற்கான வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வரவும். சில்லுக்குத் தும்புத் தூரிகை. அந்தத் தூரிகை வேறெதையும் தொடக்கூடாது. நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். எனவே உடனே தோலால் ஒற்றி எடுக்கவும். தோலை முறுக்கிப் பிழியவேண்டாம்.

உட்பக்கத்தில் ஆசனங்களை ஈரத்துணியால் துடைத்தால் போதும். றப்பர் விரிப்புகளை வெளியே எடுத்துக் கழுவலாம். சாரதி பக்கத்து விரிப்பை மாத்திரம் எடுக்கவேண்டாம். அதன் கீழுள்ள தகடு தளர்ந்திருக்கிறது. வந்தபின் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நீர் இங்கு வரவேண்டிய அவசியம் இல்லை.

இங்ஙனம்,
சி. அப்புத்துரை


குருமன்காடு, வவுனியா
23.09.1962

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதம் கிடைத்தது. வயிற்றைப் பற்றி நாலு வரி, காரைப் பற்றி மூன்று பக்கம். முடிவில் "இங்ஙனம், சி. அப்புத்துரை" என்று வேறு கையொப்பம். கட்டிய மனிசிக்கு முதலெழுத்தும் போட்டுக் கையெழுத்து வைக்கிற ஒரே மனிதர் இந்த வன்னியில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நோட்டீஸ் வந்ததென்று நினைத்து எடுத்துப் படித்தேன்.

பொதியும் வந்தது. தோலைப் பார்த்த வீரகத்தி கிளாக்கர், "அம்மா, இது பூசைக்கே?" என்று கேட்டார். ஓம், காருக்குத்தான் பூசை என்றேன்.

இன்றைக்கு விடிய எழும்பிக் கழுவினேன். கிளாக்கரும் அவருடைய மகனும் கொட்டிலில் இருந்து தள்ளி நிழலில் விட்டுத் தந்தார்கள். சேலையைச் செருகிக்கொண்டு கூரைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கதிரையில் ஏறி நின்றேன். அந்த நேரம் பார்த்து உங்கள் தங்கச்சி கமலாசனி படலையைத் திறந்துகொண்டு வந்தா.

"என்ன மச்சாள், அண்ணை ஆசுப்பத்திரியில கிடக்கிறார், நீர் இஞ்ச காருக்கு முழுக்காட்டிறீர்?"

"அண்ணைதான் முழுக்காட்டச் சொல்லி எழுதியிருக்கிறார், மச்சாள்."

"பிள்ளை இல்லாத வீட்டில இதுதான் பிள்ளையாக்கும்."

வலிக்கட்டும் என்றுதான் சொன்னா. நான் கதிரையை விட்டு இறங்கவில்லை. "ஓம் மச்சாள். நல்ல பிள்ளை. இருமாது, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்காது, மாமியைக் கண்டால் வாய் காட்டாது" என்றேன். அவவின் மூத்தவன் வாய் காட்டுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும்தானே. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தா. பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் தோலால் ஒற்றினோம். உங்கள் தங்கச்சி கெட்டவ இல்லை. வாய் மட்டும் தான்.

மெழுகு விடயத்தில் ஒரு பிழை நடந்துபோச்சு. கூரை, கதவு, போனட் எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பூசிவிட்டேன். அது காய்ந்து திருநீறு பூசியதுபோல் வெளிறிப்போய் நிற்கிறது. துடைத்தால் வரவில்லை. என்ன செய்ய வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். கமலாசனி வீட்டில் வந்து நிற்பதாகச் சொல்கிறா. கோழிக்கும் தண்ணி வைப்பா. நான் வந்து உங்களைப் பார்க்கட்டுமா? ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கோ. காரைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிற கைக்கு அந்த ஒரு சொல் பாரமாக இருக்காது.

விமலம்


ஆஸ்பத்திரி, கொழும்பு
29.09.1962

அன்புள்ள விமலேஸ்வரி,

உம்முடைய 23ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது.

மெழுகைப் பற்றிக் கேட்டீர். பிழை உம்முடையது அல்ல. ஒரு நேரத்தில் ஒரு பாகத்துக்கு மட்டுமே பூசவேண்டும் என்பதை நான் எழுதத் தவறிவிட்டேன். காய்ந்து இறுகிய மெழுகின்மேல் அதே மெழுகை மிகச் சிறிதளவு மீண்டும் பூசினால் அடியிலுள்ளது இளகிவிடும். உடனே என் பழைய பருத்தி வேட்டித் துண்டினால் துடைத்தெடுக்கவும். மண்ணெண்ணெய் பாவிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்கவேண்டாம். கண்ணாடிகளுக்கு வினாகிரி கலந்த தண்ணீரும் பழைய பத்திரிகைத் தாளும் போதும். பம்பருக்குப் பித்தளை மினுக்கும் மருந்தைப் பூசவேண்டாம்; குத்துவிளக்குக்கு நல்லது நிக்கல் பூச்சுக்கு நல்லதன்று.

வயிற்றிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். விடை வரும்வரை ஊகிப்பதில் பயன் இல்லை.

என் கட்டில் யன்னலோரம். கீழே வைத்தியர்களின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. காலையில் ஒரு பையன் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே துணியால், அத்தனை கார்களையும் துடைத்துக்கொண்டு போகிறான். முதற் காரின் மண் கடைசிக் காரில் கீறலாக விழுகிறது. யன்னலைத் தட்டிப் பார்த்தேன். தாதி வந்து என்னைப் படுக்கவைத்தாள்.

நீர் வருவதைப் பற்றி: வேண்டாம். நீர் இங்கே வந்து என் கட்டிலருகில் நின்றால் அந்தக் கணமே நான் நோயாளி ஆகிவிடுவேன். இப்போது நான் பரிசோதனைக்காகத் தங்கியிருக்கும் ஒருவன் மட்டுமே. அந்த நிலையை இயன்றவரை காப்பாற்ற விரும்புகிறேன். இதை நீர் தவறாக விளங்கமாட்டீர் என்று நம்புகிறேன்.

சாரதி பக்கத்து விரிப்பைப் பற்றி முன்பே எழுதியதை மறக்கவேண்டாம்.

இங்ஙனம்,
அப்புத்துரை

(முதலெழுத்தை நீக்கியுள்ளேன்.)


வவுனியா
04.10.1962

இஞ்சாருங்கோ,

விரிப்பை எடுத்தேன்.

ஒரு பிரக்கிராசியோடு இவ்வளவு காலம் குடித்தனம் செய்துவிட்டேன். "மாத்திரம்", "தவிர" என்ற சொற்கள் ஒரு காணி உறுதியில் எந்த இடத்தில் வருகிறதோ அங்கேதான் வழக்கு இருக்கிறது என்று நீங்களே விறாந்தையில் கட்சிக்காரருக்குச் சொல்வதை எத்தனை தரம் குசினிக்குள் இருந்து கேட்டிருப்பேன். ஒரு தரம் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். இரண்டாம் தரமும் எழுதினீர்கள்.

தகடு தளரவில்லை. கல் மாதிரி இருக்கிறது.

விரிப்பின் கீழே உங்கள் லேஞ்சிகள், முகம் துடைக்கிற கைலேஞ்சிகள். ஒவ்வொன்றும் நாலாக மடித்து, மூலைக்கு மூலை பிடித்து. நான் மூலையில் "அ" போட்டுத் தைத்த லேஞ்சிகள். விரித்தால் விரியவில்லை, கறுத்த கறையோடு மட்டையாகக் காய்ந்திருந்தன. அடியில் உள்ள கம்பளியிலும் அதே கறை. ஓரத்தில் தேய்த்துக் கழுவிப் பார்த்திருக்கிறீர்கள். சுடுதண்ணீரில் கழுவியிருக்கிறீர்கள். அதுதான் போகாமல் பிடித்துவிட்டது.

லேஞ்சி குறைகிறது என்று உடுப்பு வெளுக்கிற கட்டாடி முருகேசுவோடு நான் சண்டை பிடித்தது நினைவிருக்கிறதா? நீங்கள் சாப்பிட்டுக்கொண்டு இருந்தீர்கள். "விடும், விமலம், அவன் வயதானவன், எங்கேயாவது தவறியிருக்கும்" என்று சொன்னீர்கள். எவ்வளவு பெருந்தன்மை! இன்றைக்கு அவரைக் கூப்பிட்டு, "பிழை என்னுடையது, லேஞ்சி எல்லாம் கிடைச்சிட்டுது" என்று சொன்னேன். "எங்கையம்மா கிடந்தது?" என்று கேட்டார். காருக்குள் என்றேன். சிரித்துக்கொண்டு போனார்.

ஞாயிறு தோறும் யாரையும் கிட்ட விடாமல் கழுவுவது உங்கள் பழைய பழக்கம். அப்போ இதுதான் ஞாயிறு போய், முல்லைத்தீவால் வந்த அன்றன்று கழுவியது. நான் தேத்தண்ணி கொண்டுவந்தால் "அங்கே வையும், ஈரம்" என்று தள்ளி நிறுத்தியது. கார்ப் பைத்தியம் என்று ஊர் சொல்ல நானும் சேர்ந்து சிரித்தேனே.

கறைக்கு எது நல்லதென்று புறக்கோட்டைக் கடைக்காரனைக் கேட்டீர்களா? என்னைக் கேட்டிருக்கலாம். இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது. பச்சைத் தண்ணீரும் உப்பும். அதுவும் உடனே. நான் இந்த வீட்டில் அப்படிக் கழுவியிருக்கிறேன். பிள்ளை தங்காமல் போன நாள்களில், நீங்கள் கந்தோர் வேலை முடிந்து வருமுன். பாயை வெயிலில் போட்டு, உங்களுக்குச் சிரித்த முகத்தோடு சோறு போட்டிருக்கிறேன். அதனால் உங்களைப் பேசவும் எனக்கு முழு உரித்து இல்லை. ஆனாலும் பேசுகிறேன்.

சோதனை விடை வந்திருக்கும். உண்மையை எழுதுங்கோ. இல்லாவிட்டால் நான் அடுத்த றெயிலில் ஏறுவேன்.

விமலம்


ஆஸ்பத்திரி, கொழும்பு
07.10.1962

அன்புள்ள விமலம்,

உம்முடைய கேள்விகளுக்கு வரிசையாக விடை தருவதே நேர்மை.

சித்திரையில், முள்ளியவளைக்கு அப்பால், ஒரு காணி வழக்கு முடிந்து வரும்போது முதன்முதலாக இரத்தமாக வாந்தி எடுத்தேன். காரைப் பாலை மர நிழலில் நிறுத்திச் சற்று இருந்தேன். அது புண் என்றும், மோர் குடித்தால் ஆறும் என்றும் எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். சாட்சியம் எதிராக இருந்தது. ஒரு மாதத்தில் மறுபடியும் வந்தது, பின்னர் அடிக்கடி. உமக்குச் சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் வீட்டுப் படலைவரை ஒரு வசனத்தை ஆயத்தப்படுத்திக்கொண்டு வருவேன். படலையில் நீர் நிற்பீர். "பசிக்குதோ?" என்று கேட்பீர். ஓம் என்பேன். அதற்குமேல் அந்த வசனத்துக்கு இடம் இருக்கவில்லை.

லேஞ்சிகளை எறிந்திருக்கலாம். நீர் தைத்த எழுத்து அவற்றில் இருந்ததால் காட்டில் எறிய மனம் வரவில்லை. சுடுதண்ணீர் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. நீர் உப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு கழுவிய நாள்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. பாய் வெயிலில் கிடந்ததைக் கண்டும் இருக்கிறேன். கேட்டால் உமக்கு நோகும் என்று கேட்காமல் விட்டேன்.

சோதனையின் விடை: கட்டி. வெட்டி எடுக்கக்கூடிய இடத்தைக் கடந்துவிட்டது. வைத்தியர் நல்ல மனிதர். காலக்கெடுவை நான் கேட்டபோது, அடுத்த நெல் வெட்டைக் குறிப்பிட்டுப் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எழுதிவிட்டேன். இனி நிற்கும் காரியங்களைப் பார்ப்போம்.

நீர் கார் ஓட்டப்போவதில்லை. ஓடாமல் நிற்கும் கார், எவ்வளவு கழுவினாலும், அழியும். முல்லைத்தீவு டாக்குத்தர் யோசெப் கரையோரக் கிராமங்களுக்குப் போய்வர நல்ல கார் ஒன்று தேடுகிறார். இப்போது புதுக் கார் இந்த நாட்டுக்கு வருவதில்லை. அவருக்கு எழுதினேன், வாங்கச் சம்மதித்திருக்கிறார். அந்தப் பணம் உம்முடைய பேரில் வங்கிக்குப் போகும். அவர் பார்க்க வருமுன் ஒரு முறை முழுமையாகக் கழுவி மெழுகு பூசிவையும். என் காரைப் பிறர் குறையோடு பார்ப்பதை நான் விரும்பவில்லை. கம்பளியை அகற்றிவிடவும்.

அப்புத்துரை


வவுனியா
12.10.1962

இஞ்சாருங்கோ,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழவில்லை. கழுவினேன். கூரையில் தொடங்கி, இரண்டு வாளியோடு, நீங்கள் சொன்னபடி. இடையில் மழை வந்தது. மழைக்குள்ளும் கழுவினேன். படலையால் பார்த்த சனம் என்ன நினைத்ததோ தெரியாது.

ஆனால் ஒன்று இருக்கிறது. முதலே எழுதியிருக்கவேண்டும்.

போன திங்கட்கிழமை விசயதசமி. ஒவ்வொரு வருசமும் நீங்கள் காருக்குப் பூவும் வெற்றிலையும் மட்டும்தான் வைப்பீர்கள். சந்தனமும் குங்குமமும் வைக்க விடமாட்டீர்கள். "குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கு, கிறீம் வர்ணத்தில் ஏறினால் இறங்காது" என்பீர்கள். இந்த முறை தடுக்க நீங்கள் இல்லை. கோயிலால் கொண்டுவந்த சந்தனத்தை போனட்டின் நடுவில் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். கும்பிட்டுக்கொண்டு ஒரு நேர்த்தியும் வைத்தேன்: நீங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் கையால் துடைக்கும்வரை அதை நான் துடைக்கமாட்டேன் என்று. அப்போது உங்கள் கடிதம் வந்திருக்கவில்லை. அடுத்த நாள்தான் வந்தது.

வெயிலில் காய்ந்து ஏறிவிட்டது. சந்தனம் உதிர்ந்துபோக, கீழே குங்குமம் வட்டமாக, சிவப்பாக அப்படியே நிற்கிறது. இவ்வளவு மழைக்கும் போகவில்லை.

நேற்று டாக்குத்தர் யோசெப் வந்தார். நல்ல மனிசன். காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "தங்கச்சி, இப்பிடிக் கார் வைச்சிருக்கிற ஆளை நான் கண்டதில்லை" என்று சொன்னார். அவருடைய டிறைவர் பொட்டைக் கண்டுவிட்டு, "இது என்ன, அழுக்கே?" என்று பெருவிரலில் எச்சிலைத் தொட்டுக்கொண்டு கையை நீட்டினான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். எல்லாருக்கும் முன்னால். டாக்குத்தர் என்னைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவசரம் இல்லை, தங்கச்சி. அப்புத்துரைக்கு நான் எழுதுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கமலாசனிக்குக் கோபம். "வாங்க வந்த மனிசனை அனுப்பிப்போட்டு நிக்கிறீரே. ஒரு பொட்டு. தேய்ச்சால் போற பொட்டு."

தேய்த்தால் போகும் என்று எனக்கும் தெரியும். எல்லாக் கறையையும் எதால் எடுப்பது என்று நீங்கள் சொல்லித் தந்திருக்கிறீர்கள். இதற்கும் ஒரு பசை புறக்கோட்டையில் இருக்கும். அதை அனுப்பாதேங்கோ. பொட்டு அழிக்கிற கை ஒன்று எப்பவோ இந்த வீட்டுக்கு வரத்தானே போகுது. அதற்கு முதல் நானே பழகவேண்டாம்.

இதை எழுதியிருக்கக்கூடாது. கிழிப்போமா என்று யோசித்தேன். மறைத்தது போதும் என்று அனுப்புகிறேன்.

வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?

விமலம்


ஆஸ்பத்திரி, கொழும்பு
17.10.1962

அன்புள்ள விமலம்,

உம்முடைய கடிதத்தைப் பலமுறை படித்தேன். விடை எழுதச் சற்றுத் தாமதித்தமைக்கு உடம்பு மாத்திரம் காரணம் அல்ல.

முதலாவது, பொட்டு. நீர் ஊகித்தது சரி. அதை அகற்றும் பசை உண்டு. பெயரும் எனக்குத் தெரியும். வர்ணத்தின் மேற்படையையும் சேர்த்து அராவித்தான் அது கறையை எடுக்கும். கடைக்காரர் முதலில் நீட்டிய போத்தலிலும் அதுதான் இருந்தது. அதை வாங்கவேண்டாம். போனட்டில் உள்ள பொட்டை எவரும் தொடக்கூடாது. அதைத் துடைக்கும் உரித்தை நீர் என் கைக்கு ஒதுக்கியிருக்கிறீர். அந்த உரித்தை நான் பயன்படுத்தப்போவதில்லை.

இரண்டாவது, விற்பனை. டாக்குத்தர் யோசெப்பின் கடிதமும் உம்முடைய கடிதமும் ஒரே தபாலில் வந்தன. காரை இப்போதைக்கு வாங்க இயலாது என்று எழுதியிருக்கிறார். அவருடைய காரணங்கள் எல்லாம் பொய். குறுக்கு விசாரணையில் ஒரு நிமிடம்கூட நில்லா. அவற்றை ஏற்றுக்கொள்கிறேன். கார் உம்மிடம் இருக்கட்டும். நான் போனபின் ஓட்டப் பழகுவதோ, கொட்டிலில் நிறுத்திவைப்பதோ, விற்பதோ உம்முடைய விருப்பம். நிற்கும் கார் அழியும் என்று எழுதினேன். அழியட்டும்.

மூன்றாவது விடயம் எழுதக் கடினமானது. ஆனபடியால் தெளிவாக எழுதவேண்டும். நான் இறந்தபின் உறவுப் பெண்கள் வருவார்கள். உம்மை நடுவில் இருத்தி, வழமை என்று சொல்லி, உம்முடைய நெற்றிப் பொட்டை அழிப்பார்கள். என் தாயாருக்கு அதைச் செய்தபோது நான் கதவோரம் நின்று பார்த்தேன். அந்தக் கைகளில் ஒன்று என் சொந்தப் பெரியம்மாவினுடையது. இங்கே படுத்திருந்து, எனக்குத் தெரிந்த சட்டங்களையெல்லாம், தேசவழமை உட்பட, மனதில் புரட்டிப் பார்த்தேன். அதைக் கட்டாயப்படுத்தும் ஒரு பிரிவும் இல்லை. எனவே என் விருப்பத்தை இங்கே எழுத்தில் தருகிறேன்: விமலேஸ்வரியின் பொட்டை அவர் சம்மதமின்றி எவரும் அழிக்கக்கூடாது. வைத்திருப்பதோ விடுவதோ அவருடைய தீர்மானம். கமலாசனியிடம் இக்கடிதத்தைக் காட்டவும். அவள் வாய்க்காரி, அந்த வாய் அன்றைக்கு உம்முடைய பக்கம் பேசினால் எதிர்த்து நிற்க எங்கள் பகுதியில் ஆள் இல்லை.

கடைசியாக, நீர் இரண்டு முறை கேட்ட கேள்வி. ஓம்.

வாரும். காரோடு வாரும். வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் அனுமதித்துவிட்டார். இங்கே செய்வதற்கு அவர்களிடம் வேறொன்றும் இல்லை. டாக்குத்தர் யோசெப் தம்முடைய டிறைவரை அனுப்புவதாக எழுதியிருக்கிறார். நீர் கையைத் தட்டிவிட்ட அதே ஆள்தான். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும். அநுராதபுரம் வழியே வருவீர்கள். மாரி தொடங்கிவிட்டது, பாதை முழுவதும் சேறாக இருக்கும். காரைக் கழுவுவதற்காக வழியில் எங்கும் நிற்கவேண்டாம். இங்கே வந்தபின்னும் கழுவவேண்டாம். நம்முடைய பாதையின் சேற்றோடு அது வாசலில் வந்து நிற்பதை யன்னலால் பார்க்க விரும்புகிறேன்.

என் உருவம் சற்று மாறியிருக்கிறது. முன்கூட்டியே அறிவிக்கிறேன்.

அன்புடன்,
உம்முடைய அப்புத்துரை


வவுனியா
19.10.1962

இஞ்சாருங்கோ,

தந்தி அடித்தால் பயந்துபோவீர்கள் என்று இதை இரவு மெயிலில் போடுகிறேன். எனக்கு முந்தி உங்கள் கைக்கு வந்துவிடும்.

நாளைக்கு விடிய வெளிக்கிடுகிறோம். டிறைவர் தம்பியின் பெயர் செபமாலை. உங்கள் மன்னிப்பைச் சொன்னேன். "அம்மா, எனக்கு அடி பழக்கம், என்ரை மனிசியும் கை நீட்டுறவதான்" என்று சொல்லிச் சிரித்தான். போனட்டைத் துடைக்கும்போது அந்த வட்டத்தை விட்டுச் சுற்றித்தான் துடைக்கிறான்.

பின் ஆசனத்தில் மெத்தையும் இரண்டு தலையணையும் போட்டிருக்கிறேன். விரிப்பின் கீழ் இருந்த கம்பளியைப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்தேன். முழுக்கப் போகவில்லை. இருந்தாலும் காயவைத்து அந்த இடத்திலேயே போட்டேன். லேஞ்சிகளை அலசி மடித்து என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். வழியில் தேவைப்பட்டால் மறைக்காமல் வாங்கிக்கொள்ளுங்கோ.

கமலாசனிக்குக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடம் தந்தா. பிறகு குசினிக்குள் போய் நின்று கொண்டு, "எந்தக் கை வருகுதெண்டு பாப்பம்" என்று மட்டும் சொன்னா.

பேணியில் மெழுகு இன்னும் அரைவாசி இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் கொட்டிலுக்கு முன்னால் உங்கள் சாய்மனைக் கதிரையைப் போட்டுவிடுகிறேன். நீங்கள் அதில் இருந்து பிழை சொல்லுங்கோ. நான் துடைக்கிறேன், பொட்டை விட்டு.

விமலம்